பாடம் செய்த அணில்

‘பாடம்’ என்னும் சொல்லுக்கு நம் தமிழில் இரண்டு பொருள்கள் வழங்குகின்றன. பள்ளியில் ஆசிரியர் நடத்துவது ஒன்று. இறந்த விலங்கின் தோலை உரித்துப் பதப்படுத்தி, உள்ளே பொதி வைத்துத் தைத்து, உயிருள்ளது போல நிறுத்துவது மற்றொன்று. இவ்விரு பொருளும் ஒரே சொல்லில் வந்து தங்கிய வரலாற்றைச் சொல்லாராய்ச்சி வல்லார் விளக்குவாராக. நமக்கோ இவ்விரண்டும் ஒரே சமயத்தில், ஒரே அணிலின் வழியாக, 1967ஆம் ஆண்டின் இறுதியில் வாய்த்தன. ஆண்டுகள் பல சென்றபின் அதனை இம்மலரில் எழுதத் துணிகின்றோம்.

நம் பாட்டனார் செங்கோட்டையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்தவர். சாலைக் கடைத்தெருவில் மல்லியும் மிளகாய் வற்றலும் விற்றுக் குடும்பத்தை நிலைநிறுத்தியவர். அவர் புறப்பட்ட ஊரும் வந்து சேர்ந்த ஊரும் அன்று ஒரே அரசரின் ஆட்சியில் இருந்தன. திருவிதாங்கூருக்குள் ஓரிடம் விட்டு ஓரிடம் பெயர்ந்தார் என்பதன்றி அவர் அயலூர் சென்றவர் அல்லர். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது செங்கோட்டை தமிழகத்தோடு சேர்ந்தது. திருவனந்தபுரம் கேரளத்தின் தலைநகராயிற்று. கடையை ஓரடியும் நகர்த்தாமலே அன்று நாம் புலம்பெயர்ந்த குடும்பத்தார் ஆனோம்.

ஊருக்கும் நகருக்கும் நடுவே இருந்தது மலை. 1904இல் போடப்பட்ட இருப்புப்பாதை ஆரியங்காவுக் கணவாயைக் குடைந்து, புனலூர் வழியாகக் கொல்லத்தை அடைகின்றது. அந்நாளில் குறுகிய மீட்டர் பாதை. வண்டி மலையேறும்போது மூச்சு வாங்கிக்கொண்டு மெல்ல ஊரும். சன்னலோரம் இடம் பிடித்த சிறுவர்க்குக் காடு கைக்கெட்டும் தொலைவில் வரும். அவ்வாறு ஒருமுறை தென்மலைக்கு அருகில் நாம் முதன்முதலாக மலையணிலைக் கண்டோம். வீட்டு முற்றத்தில் ஓடும் மூன்று வரி அணிலின் உறவென்று அதனைச் சொன்னால் யாரும் நம்பார். பூனையளவு உடல், உடலைவிட நீண்ட வால், கருஞ்சிவப்பு மேனி, முதுகிலும் வாலிலும் கறுப்பு, மார்பும் வயிறும் வெளிர்மஞ்சள். கேரளத்தார் ‘மலையண்ணான்’ என்பர். நிலத்தில் இறங்குவது அரிது. மரத்துக்கு மரம் இருபதடி தாவும்.

தென்மலைக்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நம் தாயாரின் தம்பி கணக்கெழுதி வந்தார். விடுமுறை தோறும் நாம் அங்கே சென்று தங்குவது வழக்கம். மாமாவின் குடியிருப்புக்குப் பின்புறம், தோட்டம் முடிந்து காடு தொடங்கும் இடத்தில், ஓங்கிய அயினி மரம் ஒன்று நின்றது. அதன் உச்சிக் கிளைக் கவட்டில் இலையும் சுள்ளியுமாக உருண்டையாய்ப் பின்னிய கூடு ஒன்று இருந்தது. அருகிருந்த மரங்களிலும் அத்தகைய கூடுகள் இரண்டு இருந்தன. ஒரே அணில் இப்படிப் பல கூடுகள் வைத்துக்கொள்ளும் என்று மாமா சொல்லியிருந்தார். காலையில் அது எந்தக் கூட்டிலிருந்து புறப்படுகிறது, எந்தக் கிளைவழிப் போகிறது, எங்கே அமர்ந்து காய் கொறிக்கிறது என்பதெல்லாம் நமக்கு மனப்பாடம். பிறர் கண்ணுக்கு இலையாகத் தெரிவது நம் கண்ணுக்கு அணிலாகத் தெரியும். அத்திறமையில் நமக்கு மிகுந்த பெருமை இருந்தது.

அவ்வாண்டு நம் பள்ளியில் சனவரித் திங்களில் அறிவியல் கண்காட்சி என்று அறிவித்தார்கள். ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு பொருள் கொண்டுவர வேண்டும். பன்னிரண்டு வயதுச் சிறுவனின் மூளையில் அப்போது உதித்த எண்ணத்தை வியக்க வேண்டியதில்லை. நேப்பியர் காட்சிசாலை வளாகத்துக்கு நாம் அடிக்கடி சென்றிருந்தோம். 1857இல் மக்களுக்குத் திறக்கப்பட்ட காட்சிசாலை அது. இப்போதுள்ள வண்ணக் கட்டடத்தைச் சிசம் என்னும் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் வகுக்க, 1880இல் கட்டி முடித்தார்கள். அவ்வளாகத்திலேயே இயற்கை வரலாற்றுப் பகுதியில், கண்ணாடிப் பேழைகளுக்குள், பாடம் செய்த விலங்குகளும் பறவைகளும் அசையாமல் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். அத்தகைய ஒன்று நம் பெயரில் பள்ளியில் நின்றால் எப்படி இருக்கும்! மாமாவுக்குக் கடிதம் எழுதினோம். மருமகன் கேட்டு மறுத்தறியாதவர் அவர். ‘வா, பார்த்துக்கொள்ளலாம்’ என்று மறுமொழி வந்தது.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு நாம் தோட்டம் சென்று சேர்ந்த அன்றே விவாதம் தொடங்கிவிட்டது. அணிலை எந்தத் துப்பாக்கியால் சுடுவது? மாமாவின் திண்ணையில் மாலைதோறும் கூடும் நண்பர் குழாத்துக்கு அதனினும் சுவையான பொருள் கிடைத்திருக்க முடியாது.

தோட்டக் காவலரிடம் நாட்டுத் துப்பாக்கி ஒன்று இருந்தது. குழலின் வாய்வழியே கருமருந்தும் ஈயத்துண்டும் இட்டுக் கம்பியால் இடித்து நிரப்புவது. பன்றியை விரட்ட உதவும். தோட்ட மேலாளரிடம் இரட்டைக் குழல் 12 போர் துப்பாக்கி இருந்தது. அதன் தோட்டா ஒன்றுக்குள் இருநூறுக்கும் மேற்பட்ட ஈய ரவைகள் அடங்கியிருக்கும். பக்கத்துத் தோட்டத்து மருந்தகத்தில் வேலை பார்த்த மாமாவின் நண்பரிடம், உரிமம் பெற்ற 22 ரைபிள் இருந்தது. மேலாளரின் மகனிடம் காற்றுத் துப்பாக்கி.

காவலர் தம் துப்பாக்கியே போதும் என்றார். 12 போர் என்றால் குறி தப்பாது என்றார் ஒருவர். காற்றுத் துப்பாக்கியால் சத்தமின்றி முடித்துவிடலாம் என்றார் மற்றொருவர். மருந்தக நண்பர் மட்டும் சற்று யோசித்து, “சுடுகிறவரைக் கேட்டு என்ன பயன்? பாடம் செய்கிறவரைக் கேளுங்கள். தோலை வைத்து வேலை செய்யப்போகிறவர் அவரல்லவா?” என்றார்.

அச்சொல் மாமாவுக்குப் பிடித்துப்போயிற்று. காட்சிசாலையில் நெடுநாள் பாடம் செய்யும் பணி பார்த்து ஓய்வு பெற்ற நாஞ்சில் நாட்டுப் பெரியவர் ஒருவர் கரமனையில் இருந்தார். கடைக்கணக்கு வேலையாக நகருக்கு வந்த மாமா நம்மையும் அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குச் சென்றார்.

பெரியவர் திண்ணையில் அமர்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். மாமா வணக்கம் சொல்லி, “அண்ணாச்சி, ஒரு மலையணில் பாடம் பண்ணவேண்டும். எந்தத் துப்பாக்கியால் சுட்டால் உங்களுக்கு வசதி?” என்று கேட்டார். பெரியவர் உடனே விடை கூறவில்லை. “எதற்குத் தம்பி?” என்றார். மாமா பள்ளிக் கண்காட்சியைச் சொன்னார். பெரியவர் நம்மை ஒருமுறை பார்த்தார். பிறகு இடிகல்லை ஒதுக்கி வைத்துவிட்டு, தொழிலின் முறைகளைச் சொல்லத் தொடங்கினார். அன்று அவர் சொன்னவை அனைத்தும் நமக்கு நினைவிருக்கின்றன.

“எதையும் முடிவிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். உணவுக்குச் சுடுபவன் இறைச்சி கெடக்கூடாது என்று தலையில் சுடுவான். எனக்குத் தலைதான் வேண்டும். மண்டையோடு நொறுங்கினால் முகத்தின் அமைப்பு போயிற்று. உதடு, மூக்கு, கண்ணிமை இவை கிழிந்தால் எந்த ஊசியாலும் பழையபடி ஆக்க முடியாது. உடம்பில் ஓட்டை விழுந்தால் மயிர் மறைக்கும், நான் தைத்துவிடுவேன். இல்லாத முகத்தை எங்கிருந்து கொண்டுவருவேன்?

“நாட்டுத் துப்பாக்கி வேண்டவே வேண்டாம். ஒன்று தவறும், அன்றேல் உருத்தெரியாமல் கிழிக்கும். 12 போர் கெட்டது அன்று. ஆனால் தொலைவும் ரவையும் பார்க்க வேண்டும். பதினைந்து அடியில் சுட்டால் ரவைகள் பிரியுமுன்னே கூட்டமாய்ப் பாய்ந்து அணிலை இரண்டாக்கும். மிகத் தொலைவில் சுட்டால் நாலைந்து ரவை தைக்கும். காயத்தோடு பொந்துக்குள் போய்ச் சாகும். உமக்கும் பயனில்லை, எனக்கும் பயனில்லை. பெரிய ரவை எலும்பை முறிக்கும். ரவையின் எண் கூடக்கூட அளவு சிறுக்கும் என்பது உமக்குத் தெரியுமே. பறவை சேகரிப்பவர்கள் 12 போர் குழலுக்குள் சிறு குழலொன்றைச் செருகி, தூள்போன்ற ரவை இட்ட சின்னத் தோட்டாவால் சுடுவார்கள். சிறு பறவைக்கு அதுவே பொருத்தம். மலையணில் இரண்டு கிலோ வரை இருக்கும், உயரத்தில் இருக்கும், தோலும் தடித்தது. தூள் ரவை அதனிடம் செல்லாது.

“காற்றுத் துப்பாக்கியின் குண்டு ஒரு கிராம்கூட இராது. வீட்டு எலிக்குச் சரி. இவ்வளவு பெரிய உயிரைத் துன்புறுத்தத்தான் அது உதவும்.

“ஆகவே 22 ரைபிள். ஆனால் தோட்டாவைப் பார்த்து வாங்கவேண்டும். முனையில் குழியிட்ட குண்டும் கடையில் இருக்கும். அது உள்ளே போனவுடன் பூப்போல விரியும். நுழைந்த இடத்தில் கடுகளவு, வெளியேறும் இடத்தில் கையளவு. குழியில்லாத கெட்டி ஈயக் குண்டே வேண்டும். அணில் பக்கவாட்டில் திரும்பியிருக்கும்போது முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே, மார்பில். உடனே முடியும், ஓட்டையும் சிறிது.”

இவ்வளவும் சொல்லிவிட்டு, அவர் மாமாவை நோக்கி விரலை உயர்த்தினார். “இன்னொன்று. 22 குண்டு சின்னதென்று எண்ணாதீர்கள். மேல்நோக்கிச் சுட்டுத் தவறினால் ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் போய் விழும். தோட்டத்தில் லயங்கள் இருக்கின்றன, பிள்ளைகள் இருக்கிறார்கள். அணிலுக்குப் பின்னால் பருத்த அடிமரம் இருந்தாலன்றி விசையைத் தொடக்கூடாது. ஒரு நாள் கிடைக்காவிட்டால் மறுநாள்.”

பிறகு நம்மிடம் திரும்பினார். விழுந்தவுடன் வாலைப் பிடித்துத் தூக்கக்கூடாது. அணிலின் வால்தோல் எளிதில் கழன்றுவிடும். வாயிலும் மூக்கிலும் காயத்திலும் பஞ்சடைக்க வேண்டும். இரத்தம் பட்டால் குளிர்ந்த நீரால் துடைத்து மரத்தூள் தூவ வேண்டும். மெல்லிய துணியில் சுற்றவேண்டும். காற்றுப் புகாத பையில் இட்டால் வெப்பத்தால் வயிற்றுப்பக்கம் மயிர் உதிரத் தொடங்கும். அன்றே தம்மிடம் வந்து சேரவேண்டும். இவையனைத்தையும் நாம் நோட்டில் எழுதிக்கொண்டோம். இறுதியாக உள்ளே சென்று, நூல் கோத்த சிறு தடித்தாள் ஒன்றைக் கொண்டுவந்து நம் கையில் தந்தார்.

“இதுதான் முக்கியம். எந்த இடம், எந்த நாள், ஆணா பெண்ணா, உடல் நீளம், வால் நீளம், பின்னங்கால், காது, சேகரித்தவர் பெயர். இந்தச் சீட்டு இல்லாமல் நிற்பது வெறும் பொம்மை. சீட்டு இருந்தால்தான் அது காட்சிசாலைக்குரிய மாதிரி.”

மாமா சிரித்தார். நாம் சிரிக்கவில்லை, அச்சீட்டை நோட்டுக்குள் பத்திரப்படுத்தினோம்.

அடுத்த வாரம் மருந்தக நண்பர் ரைபிளுடன் விடியுமுன் வந்தார். தோட்டாப் பெட்டியைத் திறந்து, குண்டின் முனையை நம் விரலால் தடவிப் பார்க்கச் சொன்னார், குழியில்லை. மூவரும் அயினி மரத்தை நோக்கி நடந்தோம். பனி இலைகளிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. வெளிச்சம் பரவியபின் அணில் கூட்டை விட்டுப் புறப்பட்டது. நாம் காலடி வைத்த ஓசை கேட்டதோ என்னவோ, பாதி வழியில் நின்றுவிட்டது.

மலையணிலுக்கு ஒரு பழக்கம் உண்டு. அச்சம் வந்தால் அது எப்போதும் ஓடுவதில்லை; கிளையோடு கிளையாய், மரத்தோடு மரமாய் ஒட்டிப் படிந்து அசையாது கிடக்கும். மேலே பறக்கும் பருந்தின் கண்ணிலிருந்து தப்ப அது போதும். அன்றும் போதுமாயிருந்தது. நண்பர் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தார், காணவில்லை. மாமாவும் காணவில்லை. “இங்கே இல்லை, போய்விட்டது” என்று நண்பர் ரைபிளைத் தாழ்த்தினார்.

நாம் விரலை நீட்டிச் சுட்டினோம்.

அடிமரத்தை ஒட்டி, கவட்டுக்கு இருகை கீழே, பக்கவாட்டில் படிந்திருந்தது. பின்னால் பருத்த மரம். பெரியவர் கேட்ட அனைத்தும் அமைந்திருந்தன. நண்பர் ஒரு வேலிக்கல்லின் மேல் கையை ஊன்றி, நெடுநேரம் குறிபார்த்தார். சுள்ளி முறிவது போன்ற ஓசை, அவ்வளவே. அணில் சிறிது நேரம் கிளையில் இருந்தது. பிறகு இலைகளினூடே விழுந்தது. வாலைப் பிடிக்காமல் இரு கைகளாலும் எடுத்தோம். இளஞ்சூடாக இருந்தது. முன்னங்காலுக்குப் பின்னே மயிரை விலக்கிப் பார்த்தால்தான் காயம் தெரிந்தது. முகத்தில் ஒரு கீறலும் இல்லை. நண்பரின் திறமையை மாமா புகழ்ந்தார். நண்பர் நம் கண்ணைப் புகழ்ந்தார். நாம் பஞ்சடைத்தோம்.

நண்பகலுக்குச் சற்றுப் பின் பேருந்து நம்மைத் திருவனந்தபுரத்தில் இறக்கியது. பெரியவர் துணியைப் பிரித்துப் பார்த்து, “நல்ல வேலை” என்றார். முதலில் அளவுகோல் வைத்து அளந்தார். அவர் சொல்லச்சொல்ல நாம் பென்சிலால் சீட்டில் எழுதினோம். பிறகு வயிற்றுப்புறம் திருப்பி மயிரை விலக்கினார். அவர் கை சற்று நின்றது. நம்மிடமிருந்து சீட்டையும் பென்சிலையும் வாங்கி, ‘பெண்’ என்று எழுதி, அதற்கருகில் ஆங்கிலத்தில் ‘லாக்ட்.’ என்று ஒரு சுருக்கச் சொல்லையும் எழுதினார். என்னவென்று கேட்டோம். “அது எங்கள் தொழில் குறிப்பு, பிள்ளே” என்றார். ‘சேகரித்தவர்’ என்னும் இடத்தில் யார் பெயரை எழுதுவது என்று கேட்டார். மாமா, நண்பர் பெயரையும் எழுதச் சொல்லவில்லை. தம் பெயரையும் எழுதச் சொல்லவில்லை. “மருமகன் காட்டாவிட்டால் ஏது அணில்? அவன் பெயரைப் போடுங்கள் அண்ணாச்சி” என்றார். அச்சில் ஏறாத நம் முதல் புகழ் அதுவே.

மூன்று வாரத்தில் அணில் எழுந்து நின்றது. வாலின் எலும்பை உருவிவிட்டு அவ்விடத்தில் கம்பி; உடலுக்குள் சணல் நார்; கண்ணுக்குக் கண்ணாடி மணி. பெரியவர் அதனை ஒரு கிளைத்துண்டின் மேல், தாவப்போகும் நிலையில் அமைத்திருந்தார். கண்காட்சியில் பரிசும் கிடைத்தது.

அதன்பின் அணில் நம் வீட்டு நிலைப்பேழையின் மேல் ஏறியது. திருவனந்தபுரத்தின் மழை இரண்டு பருவமும் பெய்வது. காற்றில் ஈரம் குறைவதேயில்லை. தோல் தின்னும் சிறு வண்டுகளுக்கு இதைவிட உவந்த ஊர் இராது. அந்நாளில் காட்சிசாலைகளில் இத்தொல்லையைத் தடுக்கப் பாடாணம் கலந்த சவர்க்காரத்தைத் தோலின் உட்புறம் பூசுவது உலகெங்கும் வழக்கம். பழைய மாதிரிகளை இன்று கையுறையின்றித் தொடக்கூடாது என்பதற்குக் காரணமும் அதுவே. சிறுவர் உள்ள வீடென்று பெரியவர் நஞ்சைத் தவிர்த்துப் படிகாரமும் வெண்காரமும் மட்டும் இட்டிருந்தார். ஆறேழு ஆண்டுகளில் காதோரம் மயிர் உதிர்ந்தது, வால் ஒடிந்தது, ஒரு பொங்கலுக்கு வீடு வெள்ளையடித்தபோது அன்னையார் அதனைக் கொல்லையில் புதைக்கச் சொன்னார். பீடத்தின் அடியில் கட்டியிருந்த சீட்டை மட்டும் நாம் அறுத்து எடுத்துக்கொண்டோம்.

கல்லூரியில் விலங்கியல் படித்த தோழர் ஒருவர் பின்னொருநாள் அச்சீட்டைப் பார்த்தார். “இது பால் கொடுத்துக்கொண்டிருந்த பெண் அணில்” என்றார். ‘லாக்ட்.’ என்பதன் பொருள் அதுதான். மயிரை விலக்கியபோது பெரியவரின் கை ஏன் நின்றது என்பது அன்று விளங்கிற்று. அயினி மரத்திலோ, அடுத்த மரங்களின் இரண்டு கூடுகளில் ஒன்றிலோ, அன்று காலை ஒன்றோ இரண்டோ குட்டிகள் காத்திருந்திருக்கும்.

அதுமுதல் அந்தப் பத்துநாள் விவாதத்தை எத்தனையோ முறை எண்ணிப் பார்த்திருக்கின்றோம். குழலின் அளவு பேசினோம். ரவையின் எண் பேசினோம். குண்டின் முனையைத் தடவியும் பார்த்தோம். தேர்ந்தெடுத்ததில் ஒரு பிழையும் இல்லை. எந்தத் துப்பாக்கி என்று கேட்டவர் பலர். சுடத்தான் வேண்டுமா என்று கேட்டவர் எவருமில்லை. இல்லை, ஒருவர் கேட்டார். “எதற்குத் தம்பி?” என்ற அவருடைய முதல் வினா அதுவே. நாம் அதனை வாயில்படியில் கேட்கும் உபசாரச் சொல்லாக எண்ணிக் கடந்துவிட்டோம். முடிவிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும் என்று அவர் சொன்னாரே, அவ்வாறு எண்ணியிருந்தால் துப்பாக்கிக்கு முன் தோல் வரும். தோலுக்கு முன் அந்த ‘எதற்கு’ வரும்.

இதனால் காட்சிசாலைகளின் பேழைகள் எல்லாம் வீண் என்று நாம் சொல்ல வரவில்லை. திருவிதாங்கூரின் காடுகளைப் பற்றி நாம் இன்று அறிந்தவற்றில் பெரும்பகுதி அத்தகைய சீட்டுகளிலிருந்து வந்ததே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இக்காட்சிசாலையை நடத்திய ஃபெர்குசன், வனத்துறையைச் சேர்ந்த போர்டிலனோடு சேர்ந்து இந்நாட்டுப் பறவைகளைப் பட்டியலிட்டார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1911இல் தொடங்கிய பாலூட்டிகள் ஆய்வு, நாடெங்கும் ஆளனுப்பித் தோல்களையும் மண்டையோடுகளையும் திரட்டியது. 1933இல் சாலிம் அலி திருவிதாங்கூர், கொச்சிப் பறவைகளை ஆராய வந்தபோதும் துப்பாக்கி உடன்வந்தது. இன்று நிழற்படக் கருவி செய்யும் வேலையை அன்று செய்ய வேறொன்றும் இல்லை.

அணிற்குடும்பத்திலேயே இதற்கொரு சான்று உண்டு. திருவிதாங்கூர்ப் பறக்கும் அணில் என்று ஒன்று. கேரளத்தார் ‘குஞ்ஞன் பாறான்’ என்பர். இரவில் மட்டும் உலவும் சிற்றுயிர். 1847இல் ஜெர்டன் என்னும் மருத்துவர் அதனை அறிவுலகுக்கு விளக்கி எழுதினார். பின்னர்ச் சுமார் நூறாண்டுக் காலம் கேரளக் காட்டில் அதனைக் கண்டதாகச் செய்தியே இல்லை. அழிந்துபோயிற்றோ என்று ஐயுற்றிருந்த நிலையில், மீண்டும் கண்டறியப்பட்ட செய்தி 1989இல் வெளியாயிற்று. இதுதான் அது என்று துணிந்து சொல்வதற்கு, ஒப்புநோக்கப் பழைய விளக்கமும் தோலும் இருந்தமையே துணை. அங்கே ‘எதற்கு’ என்னும் வினாவுக்கு விடை உண்டு. நம் நிலைப்பேழை அணிலிடம் அவ்விடை இல்லை.

காலம் இப்போது பெரிதும் மாறிவிட்டது. 1972இன் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கட்டுப்படுத்தியது. 1991இல் செய்த திருத்தம் உரிமத்தோடு வேட்டையாடும் வழக்கத்துக்கே முற்றுப்புள்ளி வைத்தது. உலகெங்கும் புகழ்பெற்றிருந்த மைசூர் வான் இங்கன் பாடசாலையும், அரசர்களின் புலிகளையும் சிறுத்தைகளையும் நூறாண்டுக் காலம் நிறுத்தித் தந்தபின், இருபதாம் நூற்றாண்டின் இறுதியோடு கதவடைத்தது. மலையணிலைச் சுடுவது இன்று தண்டனைக்குரிய குற்றம். எந்தத் துப்பாக்கி என்னும் கேள்வியே எழுவதில்லை. மாமாவும் இல்லை, மருந்தக நண்பரும் இல்லை, கரமனைப் பெரியவரும் இல்லை.

இருப்புப்பாதையை அகலமாக்குவதற்காக 2010இல் நின்றுபோன மலைவழி வண்டி 2018இல் மீண்டும் ஓடத் தொடங்கியது. பெங்களூரில் வளரும் பேத்திக்கு நம் ஊரைக் காட்டவேண்டும் என்று ஒரு விடுமுறையில் அவளுடன் செங்கோட்டைக்குப் புறப்பட்டோம். தென்மலையைக் கடந்து வண்டி மெல்ல ஊர்ந்தபோது அவள் சன்னலோரம் அமர்ந்திருந்தாள். நம் கண் இப்போது மங்கிவிட்டது, இலைதான் தெரிகிறது. “தாத்தா, அதோ!” என்று அவள் விரலை நீட்டினாள். நாம் அணிலைக் காணவில்லை. அவள் விரலைத்தான் கண்டோம். “கறுப்பும் சிவப்புமாய், வால் நீளமாய், மரத்தோடு ஒட்டிக்கிட்டு இருக்கு” என்றாள். கண்ட இடத்தையும் நாளையும் நேரத்தையும் எழுதச் சொல்லி நம் நாட்குறிப்பை அவளிடம் கொடுத்தோம். எழுதிவிட்டு, “பெயர் யார் பெயரைப் போட?” என்று கேட்டாள்.

“கண்டவர் என்று எழுதி, உன் பெயரைப் போடு அம்மா” என்றோம்.

வீடு திரும்பியதும் அந்தப் பழைய சீட்டை எடுத்து அதே பக்கத்தில் வைத்தோம். பென்சில் எழுத்து மங்கியிருக்கிறது. ஆயினும் படிக்க முடிகிறது. இடம், நாள், அளவுகள், ‘பெண்’, அந்தச் சுருக்கச் சொல், சேகரித்தவர் பெயர். என்றேனும் பேத்தி அதனைப் புரட்டி, அச்சொல்லின் பொருள் என்னவென்று கேட்பாள். தொழில் குறிப்பு என்று சொல்லித் தட்டிக்கழிக்க மாட்டோம்.